அபிஷனின் பதின்மூன்று டபிள்கள்

டோர்ட்முண்ட், 4 மே 2025

அன்புள்ள அண்ணைக்கு மங்கையற்கரசி எழுதுவது.

முழங்காலைத் தவிர நான் சுகம். உங்களுடைய பிரஷரும் யோகராணி அண்ணியின் கோபமும் கட்டுப்பாட்டில் இருக்கும் என்று நம்புகிறேன்.

அட்சயா உங்கள் வீட்டில் தங்கி வேலைக்குப் போகத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. போன ஞாயிறு போனில் ஒரு விஷயம் சொன்னாள். அபிஷன் என்று ஒரு பெடியனாம். வீடு உங்கள் நகரத்திலேயே ரெக்ஸ்டேலில். லிஃப்ற் திருத்துகிற வேலை. கோடையில் பேஸ்போல் விளையாடுவானாம். "நீங்கள் ஓம் எண்டால்தான் அம்மா. இல்லையெண்டால் நான் இப்பிடியே இருக்கிறன்" என்றாள். இருபத்தொன்பது வயதில் இப்படியே இருப்பேன் என்பது எவ்வளவு பெரிய மிரட்டல் என்று உங்களுக்குத் தெரியும்.

அவளுடைய அப்பா இருந்திருந்தால் அவர் விசாரித்திருப்பார். அவர் போய் நாலு வருடம். அந்த ஊரில் அவளுக்கு ஆண் உறவு என்று இருப்பது தாய்மாமன் நீங்கள் ஒருவர்தான். ஆகவே பெடியனை நீங்கள் விசாரித்து எழுதுங்கள். நீங்கள் எழுதுவதை வைத்துத்தான் நான் ஓம் அல்லது இல்லை சொல்வேன்.

போனில் வேண்டாம். போனில் சொன்னதைப் பிறகு சொல்லவில்லை என்பீர்கள். 1989 இல் எனக்காக ஒருவரை விசாரித்து எழுதினீர்கள். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. எழுத்தில் அந்த வசதி உண்டு.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.
மங்கை

டோர்செட் பார்க், 25 மே 2025

அன்புள்ள தங்கச்சி,

உன் கடிதம் பதினொரு நாளில் வந்தது. முழங்காலுக்கு எண்ணெய் பூசு. என் பிரஷர் நூற்று நாற்பத்தைந்து, யோகராணிக்கு நூற்றுப் பத்து. இது எப்படி என்று டாக்டருக்கும் விளங்கவில்லை.

விசாரணையைத் தொடங்கிவிட்டேன். இங்கிருந்து ரெக்ஸ்டேலுக்கு ஒரு பஸ், ஒரு சப்வே, மறுபடி ஒரு பஸ். பெடியனின் வீட்டுக்குக் கிட்ட உள்ள தமிழ்க் கடைக்காரரிடம் கேட்டேன். "நல்ல பெடியன்" என்றார். அதே மூச்சில் கத்தரிக்காயும் நல்லது என்றார். வாங்கி வந்து வெட்டினோம். ஐந்தில் மூன்று புழு. அந்தச் சாட்சியத்தைத் தள்ளிவிட்டேன்.

கார்ப் பாகம் செய்கிற தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் தரம் பார்த்தவன் நான். எல்லாவற்றையும் அளக்கிறவனுக்கு ஒன்றும் தெரியவராது. ஒன்றை எடுத்து ஒழுங்காக அளக்க வேண்டும். முகத்துக்காகச் சொல்லாமல் இந்தப் பெடியனைப் பற்றி எழுதி வைத்திருக்கும் இடம் ஒன்றுதான் அகப்பட்டது. அது அவன் விளையாடும் லீக்கின் புள்ளித்தாள்.

உனக்கு இந்த விளையாட்டு தெரியாது. எனக்கும் ஒரு கிழமையாகத்தான் தெரியும். நான்கு மூலையுள்ள சதுரம் ஒன்று. ஒரு மூலையில் நின்று பந்தை அடித்துவிட்டு மற்ற மூலைகளுக்கு ஓட வேண்டும். நான்கும் சுற்றி, புறப்பட்ட மூலைக்கு வந்தால் ஒரு ஓட்டம். ஒரே அடியில் வேலிக்கு வெளியே போட்டால் ஹோம் ரன், ஆறுதலாக நடந்து வரலாம். ஒரே அடியில் இரண்டாம் மூலை வரை ஓடிப் பிடித்தால் அதற்கு டபிள் என்று பெயர். அபிஷன் ஹோம் ரன் அடிப்பதில்லை. டபிள் அடிக்கிறான். பலம் மட்டும் இருந்தால் ஹோம் ரன் வரும். டபிளுக்கு அடித்த பிறகும் புத்தி வேலை செய்ய வேண்டும், முதலாம் மூலையில் நிற்பதா இன்னும் ஓடுவதா என்று. கலியாணத்துக்கு உதவக்கூடிய அளவு இது என்று நினைக்கிறேன்.

இதுவரை நான்கு அடித்திருக்கிறான்.

அட்சயா சுகம். நன்றாகச் சாப்பிடுகிறாள்.
அண்ணை

டோர்ட்முண்ட், 5 யூன் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

எண்ணெய் பூசினேன். முழங்கால் அப்படியே இருக்கிறது, கட்டில் விரிப்புத்தான் பழுதாகிவிட்டது.

நான்கு என்கிறீர்கள். தனியே நான்கு என்றால் நான் என்ன செய்வது? அவனோடு விளையாடுகிற மற்றப் பெடியள் எத்தனை? அட்சயா பள்ளியில் நல்ல புள்ளி எடுத்து வந்தபோதெல்லாம் மற்றப் பிள்ளைகள் எவ்வளவு என்றுதான் கேட்டேன். ஒரு முறை அவளுடைய ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைகளை ஒப்பிடுவது தவறு என்று அரை மணித்தியாலம் விளக்கினார். முழுவதையும் கேட்டுவிட்டு, மற்ற வகுப்புத் தாய்மாருக்கும் இவ்வளவு நேரம் விளக்கினாரா என்று கேட்டேன்.

ஆகவே ஒப்பிட்டு எழுதுங்கள். எத்தனையாம் பிள்ளை?

இங்கே செர்ரிப்பழக் காலம். உங்களுக்குச் சீனி கூடும், ஆகவே அனுப்பவில்லை.
மங்கை

டோர்செட் பார்க், 6 யூலை 2025

அன்புள்ள தங்கச்சி,

வெயில் கடுமை. எங்கள் கட்டிடத்தில் மூன்று லிஃப்ற். மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்ததை யோகராணி ஒரு முறை கண்ணால் கண்டதாகச் சொல்கிறாள். ஒன்பதாம் மாடிக்கு நடந்து ஏறுவதால் என் பிரஷர் இறங்கியிருக்கிறது.

எட்டு அணி, ஒழுங்காக அடிக்க வருபவர்கள் நாற்பத்து நான்கு பேர். எல்லாருடைய டபிளையும் வரிசைப்படுத்தினேன். முதலாவது ஆள் எட்டு. அபிஷன் ஐந்து. பதினோராம் பிள்ளை.

தாள்களை எனக்குத் தருவது முர்ஷிதா என்ற பிள்ளை. அவளுடைய தம்பி அர்ஷாத் அபிஷனின் அணியில் பந்தெறிகிறான். அவள் மேசை போட்டிருந்து புள்ளி எழுதுகிறாள். "அங்கிள், இந்த லீக் தொடங்கி ஒன்பது வருஷம். தாள் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்" என்றாள். அது பாராட்டா என்று தெரியவில்லை.

ஒரு சங்கடமும் நடந்தது. மேட்ச் முடிய அபிஷனே நான் குந்தியிருந்த மர வாங்கிலுக்கு வந்தான்.

"அங்கிள், விளையாடுற ஆரின்டையும் அப்பாவோ?"

"இல்லைத் தம்பி. சும்மா பாக்க வந்தனான்."

"ஆறு மேட்ச் வந்திட்டியள். ஆறும் கொப்பியில எழுதுறியள். ஸ்கவுட்டோ?"

"ஸ்கவுட் எண்டால்?"

"நல்ல ஆக்களைப் பாத்துப் பிடிச்சுக்கொண்டு போறவை."

"ஓம்" என்றேன். பொய் சொன்னதாக எனக்குப் படவில்லை.

அவன் ஒரு தண்ணீர்ப் போத்தலைத் தந்துவிட்டுப் போனான். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.
அண்ணை

டோர்ட்முண்ட், 25 யூலை 2025

அன்புள்ள அண்ணைக்கு,

பதினோராம் பிள்ளை.

கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்தேன். முழங்காலுக்கு நல்லதாம். அட்சயா பதினோராம் பிள்ளையாக வந்தது ஒரே ஒரு தரம், அதுவும் அம்மை வந்த வருடம்.

ஞாயிறு அவள் போன் எடுத்தபோது அபிஷனுக்கு நான் இல்லை என்று சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை. "மாமா என்ன எழுதினவர்?" என்று கேட்டாள். சொன்னேன். பிறகு, "அம்மா, மாமாவிட்டைக் கேளுங்கோ, அவன் எத்தினை மேட்சுக்குப் போகேல்லை எண்டு" என்றாள். கேட்கிறேன்.

கேட்டதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று உங்களுடைய பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். நான்கு வரி. "சண்முகலிங்கம் பற்றி விசாரித்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. சரிவராது. மற்றவை நேரில்." பிறகு எத்தனையோ தரம் நேரில் கண்டோம். மற்றவையை நீங்கள் சொல்லவில்லை.

அந்த நான்கு வரியோடு ஒப்பிட்டால் உங்கள் எழுத்து நன்றாக முன்னேறியிருக்கிறது.
மங்கை

டோர்செட் பார்க், 10 ஓகஸ்ட் 2025

அன்புள்ள தங்கச்சி,

நீ நடப்பது நல்ல விஷயம். இங்கும் ஒரு லிஃப்ற் திருந்திவிட்டது, என் பிரஷர் மறுபடி ஏறுகிறது.

அட்சயா சரியான கேள்வி கேட்டிருக்கிறாள். நான் தவறான கணக்குப் போட்டேன். எங்கள் ஆட்கள் எல்லாரும் போடுகிற தவறுதான். எத்தனை என்று எண்ணினேன், எத்தனைக்கு எத்தனை என்று கேட்கவில்லை. அபிஷனுக்கு இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை வேலை அழைப்பு வரும். யாராவது லிஃப்றுக்குள் அகப்பட்டால் அவன் போக வேண்டும். முதலாவது ஆள் பல்கலைக்கழக மாணவன், கோடை முழுதும் அவன் எதற்குள்ளும் அகப்படுவதில்லை. இன்று வரை அவன் தொண்ணூற்றிரண்டு தரம் அடிக்க நின்று பதினொரு டபிள். அபிஷன் ஐம்பது தரம் நின்று எட்டு. ஏறக்குறைய எட்டுத் தரம் நின்றால் அவனுக்கு ஒன்று, ஆறு தரம் நின்றால் இவனுக்கு ஒன்று.

இன்னொன்று. முதலாவது ஆளின் சொந்த மைதானம் பின்பக்கம் சரிவு. அடித்த பந்து உருண்டுகொண்டே போகும். அவனுடைய பதினொன்றில் எட்டு அங்கே அடித்தது. அபிஷனின் மைதானத்தில் புல் வெட்ட ஆள் வருவதில்லை, பந்து நாலடியில் நின்றுவிடும். அவனுடைய எட்டில் ஆறு வெளி மைதானங்களில் அடித்தது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் இரண்டாம் பிள்ளை. முதலாம் பிள்ளை அந்த மாணவன் இல்லை, வேறொரு பெடியன், வயது பத்தொன்பது. அவனை யாரும் கலியாணத்துக்குக் கேட்கவில்லை.

நான் ஸ்கவுட் இல்லை என்பதும் வெளியே வந்துவிட்டது. நேற்று அபிஷனிடம் உண்மையைச் சொல்லப் போனேன்.

"எனக்குத் தெரியும் மாமா. முதல் நாளே அட்சயா போட்டோ அனுப்பிச் சொல்லிப்போட்டாள், நீலத் தொப்பியும் கொப்பியுமாய் ஒராள் வருவார் எண்டு."

"பிறகேன் ஸ்கவுட்டோ எண்டு கேட்டனீர்?"

"நீங்கள் என்ன சொல்லுவியள் எண்டு பாக்கத்தான்."

விசாரிக்கப் போனவனை விசாரித்திருக்கிறான்.
அண்ணை

டோர்ட்முண்ட், 21 ஓகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம். இங்கே மழை.

எத்தனைக்கு எத்தனை, எந்த மைதானம், புல் வெட்டியதா இல்லையா. இவ்வளவும் பார்த்து எழுதியதற்கு நன்றி. மூன்று தரம் வாசித்தேன்.

ஒரு கேள்வி. 1989 இல் நான் கொழும்பில் தாதிப் பயிற்சியில் இருந்தேன். சாவகச்சேரியில் ரியூட்டரியில் கணக்குப் படிப்பித்த சண்முகலிங்கம் என்பவரை விசாரித்து எழுதச் சொல்லி உங்களைக் கேட்டேன். அவருடைய மைதானத்தையும் இப்படிப் பார்த்தீர்களா?

மங்கை

டோர்செட் பார்க், 5 செப்ரெம்பர் 2025

அன்புள்ள தங்கச்சி,

நலம். இங்கே மழையில்லை. இரண்டாவது லிஃப்றும் திருந்திவிட்டது. தக்காளி விலை இறங்கியிருக்கிறது. அபிஷன் பன்னிரண்டு. முதலாவது ஆள் பதினைந்து. இன்னும் மூன்று மேட்ச் இருக்கிறது.

யோகராணிக்குத் தடிமனும் தும்மலும். இப்போது பரவாயில்லை.

அண்ணை

டோர்செட் பார்க், 22 செப்ரெம்பர் 2025

அன்புள்ள தங்கச்சி,

நீ கேட்ட கேள்விக்குப் போன கடிதத்தில் நான் பதில் எழுதவில்லை. தக்காளியைப் பற்றி எழுதினேன். உனக்கு விளங்கியிருக்கும்.

சனிக்கிழமை கடைசி மேட்ச் முடிந்தது. என் கொப்பியில் அபிஷனுக்குப் பதினான்கு டபிள். வீட்டுக்கு வந்து முர்ஷிதாவின் தாளோடு ஒப்பிட்டேன். தாளில் பதின்மூன்று. பிள்ளை எழுதத் தவறிவிட்டாள் என்று நினைத்து ஞாயிறு மறுபடியும் இரண்டு பஸ்ஸும் ஒரு சப்வேயும் எடுத்துப் போனேன். அன்று லீக்கின் கடைசி நாள், சாப்பாடு போட்டார்கள்.

"பிள்ளை, ஒண்டு குறையுது" என்றேன்.

"குறைச்சதுதான் அங்கிள். நானும் முதல்ல டபிள் எண்டுதான் போட்டன். மேட்ச் முடிய அபிஷன் வந்து, 'அது டபிள் இல்ல, பந்து பிடிக்க வந்தவன்ட கையில பட்டு விழுந்தது, உங்களுக்கு வெயில்ல தெரிஞ்சிருக்காது, ஒற்றையாப் போட்டு அவனுக்குத் தவறு ஒண்டு போடுங்க' எண்டு சொன்னார். அர்ஷாத்துக்கும் கோபம். பதினாலு எண்டா மூணாம் இடம், கப் ஒண்டு குடுப்பாங்க. பதிமூணுக்கு ஒண்டுமில்ல."

நான் அவனிடம் போய், "ஏன் தம்பி?" என்று கேட்டேன். சோளம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "அது நான் அடிச்சதில்லை மாமா" என்றான். மறுபடியும் சோளத்தைக் கடித்தான்.

ஆகவே என் அறிக்கை: எழுபத்தெட்டுத் தரம் நின்று பதின்மூன்று. எண்ணிக்கையில் நாலாம் பிள்ளை. மற்றது உன் விருப்பம்.

இனி உன் கேள்வி. இந்த விளையாட்டில் ஒரு விசித்திரம் உண்டு, மங்கை. பலகையில் ஒவ்வொரு அணிக்கும் மூன்று கட்டம் இருக்கும். ஓட்டம், அடி, தவறு. தவறுக்கென்று ஒரு கட்டம் வைத்து, எல்லாரும் பார்க்கும்படி போட்டுவிடுகிறார்கள். எங்கள் ஆட்களுக்கு இது சரிவரும் என்று நான் முதலில் நினைக்கவில்லை.

நான் சாவகச்சேரிக்குப் போகவில்லை. சைக்கிளில் வெளிக்கிட்டேன். பாதி வழியில், கைதடியில், ரயரில் காற்றுப் போய்விட்டது. ஒட்டுப் போடுகிறவரிடம், சாவகச்சேரியில் சண்முகலிங்கம் என்று ஒரு ரியூட்டரி மாஸ்டரைத் தெரியுமா என்று கேட்டேன். "ஆர், அந்தப் பெடியனோ? பெரிசாய் ஒண்டுமில்லை" என்றார். அவர் சொன்னது அந்தச் சண்முகலிங்கத்தையா, வேறு யாரையாவதா என்றுகூட நான் கேட்கவில்லை. வெயில். திரும்பி வந்துவிட்டேன். அன்று பின்னேரம் அந்த நான்கு வரியை எழுதினேன். மற்றவை நேரில் என்று எழுதியது, மற்றவை ஒன்றும் இல்லாததால்.

இந்தக் கோடையில் பதினெட்டு மேட்ச் பார்த்தேன். ஏன் என்று யோகராணி கேட்டாள். உடற்பயிற்சி என்றேன்.

உன் முழங்கால் எப்படி?
அண்ணை

டோர்செட் பார்க், 16 நவம்பர் 2025

அன்புள்ள தங்கச்சி,

செப்ரெம்பரில் நான் கடிதம் போட்டு மூன்றாம் நாள் இங்கே தபால்காரர் வேலைநிறுத்தம். இப்போது விட்டு விட்டு வேலை செய்கிறார்கள். ஆகவே உன் கடிதம் வராதது அவர்களாலா உன்னாலா என்று எனக்குத் தெரியவில்லை. நீ அதைப் பற்றிப் போனில் ஒன்றும் சொல்லவில்லை என்று அட்சயா சொல்கிறாள். சொல்லும்போது ஜன்னலைப் பார்க்கிறாள்.

வீட்டில் எல்லாரும் கொஞ்சம் ஒரு மாதிரி. யோகராணி ஒரு காரணமும் இல்லாமல் மண்டபங்களின் வாடகையை விசாரிக்கிறாள். போன கிழமை அவளும் அட்சயாவும் சேலைக் கடைக்குப் போய் ஐந்து மணித்தியாலம் நின்று வெறுங்கையோடு வந்தார்கள். அபிஷன் வந்து எங்கள் மூன்றாவது லிஃப்றைப் பார்த்துவிட்டுப் போனான். அது அவனுடைய கம்பனி இல்லை. "மாமி அடிக்கடி வருவா எல்லோ, முழங்காலுக்கு இது தேவை" என்றான். எந்த மாமி என்று கேட்கவில்லை, யோகராணியின் தமக்கையாக இருக்கும்.

நீ எப்படி இருக்கிறாய்? ஒரு வரி எழுது.
அண்ணை

டோர்ட்முண்ட், 1 டிசெம்பர் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் நவம்பர்க் கடிதம் இன்று வந்தது. வாசித்துச் சிரித்ததில் பக்கத்து வீட்டு மனிசி வந்து கதவைத் தட்டினாள். விசாரிக்கிறது உங்களுக்கு வராது, அண்ணை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு உங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

செப்ரெம்பர்க் கடிதம் எனக்கு ஒக்டோபர் ஆறாம் திகதியே கிடைத்துவிட்டது. பதினான்கைப் பதின்மூன்று ஆக்கச் சொன்ன இடத்தை வாசித்து முடித்ததும் அட்சயாவுக்குப் போன் எடுத்து ஓம் என்று சொன்னேன். அதற்குக் கீழே நீங்கள் எழுதியிருந்ததை நான் அப்போது வாசிக்கவில்லை. பிறகுதான் வாசித்தேன். வாசித்துவிட்டு மறுபடியும் போன் எடுத்து, மாமாவுக்குச் சொல்ல வேண்டாம் என்றேன். அண்ணிக்கும் சொல்லி வைத்தேன். எட்டுக் கிழமை நீங்கள் ஒன்றும் தெரியாமல் இருங்கள் என்று நினைத்தேன். நான் முப்பத்தாறு வருடம் இருந்தேன்.

கோபம் வந்தது. ஒட்டுப் போடுகிறவரில்கூட வந்தது. பிறகு ஒன்றை நினைத்துப் பார்த்தேன். அந்த நான்கு வரியை நான் நம்பியிருக்கத் தேவையில்லை. சாவகச்சேரிக்குக் கொழும்பிலிருந்தும் பஸ் இருந்தது. நான் ஏறவில்லை. எனக்கும் பயம். உங்கள் கடிதம் எனக்கு வசதியாக இருந்தது. அதை நான் யாருக்கும் சொன்னதில்லை. பிறகு வந்த மனிதர் நல்லவர், அதுவும் உங்களுக்குத் தெரியும்.

சண்முகலிங்கம் இப்போது எங்கே என்று நான் தேடவில்லை. நீங்களும் தேடவேண்டாம். தேடினால் வேறு ஒருவரைக் கண்டுபிடிப்பீர்கள்.

மே மாதம் வருகிறேன். கலியாண நாளை ஐயரிடம் கேளுங்கள், மேட்ச் நாள்களை முர்ஷிதாவிடம் கேளுங்கள். அந்த வாங்கிலில் எனக்கு ஒரு மெத்தை வேண்டும்.

1989 கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நான்கு வரிக்குக் கீழே நிறைய இடம் இருக்கிறது. திருத்தி அனுப்புங்கள்.

பிரஷர் மருந்தைத் தவறாமல் எடுங்கள்.
மங்கை

டோர்செட் பார்க், 20 டிசெம்பர் 2025

அன்புள்ள தங்கச்சி,

கடிதம் கிடைத்தது. யோகராணியிடம் ஒன்றும் கேட்கவில்லை. மேசையில் மண்டபத்தின் பற்றுச்சீட்டு இருந்தது.

ஐயர் மே மாதத்தில் மூன்று நாள் தந்தார். இரண்டில் மேட்ச். மூன்றாவதை எடுத்திருக்கிறோம். அன்று வேலை அழைப்பு வராமல் இருக்க அபிஷன் இன்னொருவனோடு நாள் மாற்றியிருக்கிறான். மூன்று லிஃப்றும் வேலை செய்கின்றன. இப்போது நானும் கண்டேன், யோகராணி பொய் சொல்லவில்லை. மெத்தை வாங்கிவிட்டேன், நீல நிறம்.

நீ அனுப்பிய கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். நான்கு வரியும் அப்படியே இருக்கின்றன. பழையதை அழித்தால் தாள் செல்லாது என்று முர்ஷிதா சொல்கிறாள். கீழே மூன்று கட்டம் கீறியிருக்கிறேன். ஓட்டம், பூச்சியம். அடி, பூச்சியம். தவறு, ஒன்று. அதன் கீழே என் கையெழுத்து.

மற்றவை நேரில்.
அண்ணை